ஆட்சேபணை இல்லாத பெயர்

நித்திலா கடைந்து வைத்த பித்தளைப் புஷ் வளையத்தில் குறை சொல்ல இடமில்லை. தெய்வசிகாமணி மைக்ரோமீட்டரை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றிலும் ஒரே அளவு. நாற்பத்தைந்து நிமிட வேலையை முப்பத்தெட்டில் முடித்துவிட்டு, லேத்தின் மேல் கிடந்த பித்தளைத் தூளைப் பிரஷ்ஷால் தள்ளிச் சுத்தம் வேறு செய்துகொண்டிருந்தாள் அந்தப் பெண். முப்பத்தொரு வருடமாக லேத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர் அவர். தேர்வுக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒருவருக்குத்தான் இப்படிக் கை அமையும் என்று அவருக்குத் தெரியும்.

அளவுகளைத் திரையில் ஏற்றினார். திரை இரண்டு விநாடி எடுத்துக்கொண்டது.

கைத்திறன்: 96. எதிர்பார்க்கப்படும் பயன்விகிதம்: 41. பரிந்துரை: வேண்டாம்.

"நாப்பத்தொண்ணுங்களா?" என்று திரையைப் பார்க்காமலே கேட்டாள் நித்திலா.

"உனக்கு எப்படித் தெரியும் கண்ணு?"

"இது ஆறாவது கம்பெனிங்க மாமா. எல்லா எடத்துலயும் அதே நாப்பத்தொண்ணுதான்."

அவர் அவளுக்குச் சொந்த மாமா இல்லை. அவளுடைய அப்பா சென்னியப்பன் இதே பம்ப் கம்பெனியில் நான்காம் நம்பர் லேத்தில் இருந்தவர். சிகாமணிக்கு உயிர் நண்பர். அவர் இறந்த அன்று பதின்மூன்று வயதுப் பெண்ணாகப் பார்த்தது. இப்போது இருபத்திரண்டு. கன்னத்து எலும்பெல்லாம் அப்படியே சென்னியப்பன்.

"இன்னும் பதினோரு நாள் இருக்குதுங்க" என்றாள். "ஐ.டி.ஐ. முடிச்சு ரெண்டு வருசத்துக்குள்ள எங்கயாவது மெஷின்ல நின்னு சொந்த நிமிசம் தொடங்கோணும். இல்லீன்னா மெஷின் வேலைக்கு ஆகாதவன்னு பதிவகத்துல எழுதி மூடிருவாங்களாம். அப்பறம் வாழ்நாளுக்கும் தொறக்க முடியாதுங்க."

பதிவகம் என்றால் கோயம்புத்தூரில் இன்று கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆலைக்குள் ஓஈஈ என்று சொல்லும் எண் ஒரு காலத்தில் இயந்திரத்துக்கு மட்டும்தான் இருந்தது. ஓட வேண்டிய நேரத்தில் எவ்வளவு ஓடியது, ஓடவேண்டிய வேகத்தில் ஓடியதா, போட்ட உருப்படியில் எத்தனை தேறியது, இந்த மூன்றையும் பெருக்கினால் வருவது. பொல்லாத எண். மூன்றிலும் தொண்ணூறு தொண்ணூறாக வாங்கினாலும் கடைசியில் எழுபத்து மூன்றில் கொண்டுவந்து நிறுத்தும். அப்புறம் யாரோ ஒரு புண்ணியவானுக்கு, இயந்திரம் தானாகவா நிற்கிறது, ஆள்தானே நிறுத்துகிறான் என்று தோன்றியிருக்கிறது. அன்றிலிருந்து இழந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு ஆள் பெயர் எழுத வேண்டும் என்று ஆனது. பிறகு எல்லா ஆலைகளின் நிமிடங்களும் ஒரே இடத்தில் சேர்ந்தன. அதுதான் பணித்திறன் பதிவகம்.

நித்திலா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பதிவகத்துக்கு எழுதிக் கேட்டு வாங்கியதாம்.

"புதுசா வர்றவங்களுக்குச் சொந்த நிமிசம் இருக்காதில்லீங்க? அதனால வீட்டு நிமிசத்துல இருந்து ஆரம்பிப்பாங்களாம். எங்க வீட்டுல மெஷின்ல நின்னது அப்பா ஒருத்தர்தான்."

தாளில் ஒரே ஒரு வரிதான் முக்கியமானது. சென்னியப்பன், இழந்த நிமிடங்கள்: ஐந்து லட்சத்து நாற்பதாயிரம்.

"கூட்டிப் பார்த்தேனுங்க. ஒரு வருசமும் பத்து நாளும் வருது. ராத்திரி பகலா ஒரு வருசம் பத்து நாள் மெஷின நிறுத்தி வச்சிருக்காரு." அவள் குரல் இறங்கியது. "எங்கப்பா அவ்வளவு மோசமான வேலைக்காரருங்களா மாமா?"

"இல்ல கண்ணு" என்றார் சிகாமணி. சொல்ல வேண்டியது எல்லாம் தெரிந்தும் மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அவள் புஷ்ஷை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் ஷிஃப்டுக்கு வந்த கம்பெனி பஸ்ஸில், சிங்காநல்லூர் சிக்னலுக்குப் பக்கத்தில், சென்னியப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டார். செய்தி வருவதற்குள் நான்காம் நம்பர் லேத்து இருபத்திரண்டு நிமிடம் சும்மா நின்றது. திரை கேட்டது: காரணமானவர் யார்? பெயர் போடாமல் அது இயந்திரத்தை விடாது. ஆள் வரவில்லையே என்று லைன் லீடரான சிகாமணி சென்னியப்பன் பெயரை அழுத்தினார். அன்றைக்கு அது உண்மைதான்.

நான்காம் நாள் துளசிமணி என்கிற பெண்ணுக்கு நாலு மாதக் கர்ப்பம். வாந்தி எடுக்கப் போனவள் திரும்பப் பதினோரு நிமிடம் ஆயிற்று. திரை கேட்டது. சிகாமணி பட்டியலைப் பார்த்தார். இறந்தவர் பெயர் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது. செத்தவனை என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று அதையே அழுத்தினார். அவர் செய்தது அவ்வளவுதான். அதை மூன்று ஷிஃப்டும் பிடித்துக்கொண்டது. டூல் உடைந்தால், கரண்ட் போனால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால், "சென்னிக்குப் போட்டு விடு" என்பது அந்த லைனில் பேச்சாகவே ஆகிவிட்டது. ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைக்கும்போது திரையில் அவர் பெயர் இருக்கும் இடத்துக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்கள். செத்தும் நம்மைக் காப்பாற்றுகிறார் என்று துளசிமணி அங்கே நின்று கும்பிட்டிருக்கிறாள். ஐந்து வருடத்துக்கு முன்பு பதிவகம் வந்து பழைய கோப்புகளை எல்லாம் மொத்தமாக வாரிக்கொண்டபோது, அந்த வரியும் அதோடு போனது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் சிகாமணி எல்லோரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சோற்றில் வைத்த கை வைத்தபடி இருந்தது.

"இந்த நிமிசமெல்லாம் அவரோடது இல்லைன்னு ஆட்சேபணை போட்டா என்னங்க்ணா ஆகும்?" என்று கேட்டாள் துளசிமணி.

"கேமராவப் பார்த்து அவங்கவங்க நிமிசத்தை அவங்கவங்க பேர்ல திருப்பிப் போடுவாங்க. லைன்ல முப்பத்தாறு பேரு. தலைக்குப் பதினஞ்சாயிரம் நிமிசம் விழும்."

பதினைந்தாயிரம் விழுந்தால் யாருடைய எண்ணும் அறுபதுக்குக் கீழே போய்விடும். அறுபதுக்குக் கீழே போனால் வேலை இல்லை. அது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

"என்ற புள்ள பத்தாவது படிக்கறாங்க்ணா" என்றாள் துளசிமணி. அன்று வயிற்றில் இருந்ததற்கு முந்தின குழந்தை. "நாளைக்கு அவளுக்கும் இதே கதிதானே? அந்த நித்திலா அம்மணிய நெனச்சா வயிறு எரியுது. சோறு எறங்கல. ஆனா நான் என்னங்க்ணா பண்ணட்டும்?"

அவளைக் குறை சொல்ல முடியாது. மணி அடித்ததும் தட்டைக் கழுவி வைத்துவிட்டு எல்லோரும் இயந்திரத்துக்குப் போனார்கள். சிகாமணி மட்டும் மாடிப்படி ஏறினார்.

ஆலைத் தலைவி ஹேமலதாவின் அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. அங்கிருந்து பார்த்தால் பன்னிரண்டு லேத்தும் தெரியும். சிகாமணி உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"மேடம், சென்னியப்பன் பேர்ல இருக்கற நிமிசமெல்லாம் நான் போட்டதுங்க."

"எல்லாமா?"

"எல்லாமுங்க. வேற ஆருக்கும் சம்பந்தம் இல்லீங்க."

"ஒன்பது வருஷமா மூணு ஷிஃப்டும் நீங்களே இருந்தீங்களாண்ணா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் மாட்டிக்கொண்டு விழித்தார். ஹேமலதா கோபப்படவில்லை. தன் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"உக்காருங்க. இது அவர் இறக்கறதுக்கு முந்தின வருஷம். ஒரு மெஷின் நின்னா, யாரால நின்னுதுன்னு நீங்கள்லாம் வாதம் பண்ணி ஒரு பேரைப் போட சராசரியா நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் மெஷின் சும்மா நிக்குது. இது அடுத்த வருஷம். ஒன்பது செகண்ட். நம்ம ஓஈஈ அறுபத்திரண்டுல இருந்து எழுபத்தொண்ணுக்கு ஏறினது புது மெஷினாலன்னு நெனச்சீங்களா?"

"அப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே சிஸ்டத்துக்குத் தெரியும். ஒண்ணு கேக்கறேன். அந்தப் பட்டியல் அகரவரிசை. சென்னியப்பன் பேர் எங்க இருந்திருக்கணும்?"

"நடுவாலங்க."

"உங்க திரையில எங்க இருக்குது?"

சிகாமணி யோசித்தார். "மொதல்லயே இருக்குதுங்க."

"யார் அங்க கொண்டுபோய் வச்சாங்க? நீங்களா?"

ஒன்பது வருடமாக விரல் தானாகப் போய்த் தொட்ட இடம் அது. அது ஏன் முதலில் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"எந்தப் பேருக்கு ஆட்சேபணை வரலையோ, அதைத் தானா மேல கொண்டுவரும்" என்றாள் ஹேமலதா. "மூணே மாசத்துல கத்துக்கிச்சு."

"செத்தவர்னு அதுக்குத் தெரியாதுங்களா?"

"அதுக்கு செத்தவங்க, இருக்கறவங்கன்னெல்லாம் கிடையாதுண்ணா. ஆட்சேபிக்கறவங்க, ஆட்சேபிக்காதவங்க. அவ்வளவுதான்."

கீழே ஏதோ ஒரு லேத்து நின்று, உடனே ஓடியது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு வழி சொல்லுங்க மேடம்."

ஹேமலதா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளும் சம்பளத்துக்கு இருக்கிறவள்தான். அவளுக்கும் ஒரு எண் உண்டு. கடைசியில் சொன்னாள்: "ஒரு பேர்ல இருக்கறதை அப்படியே இன்னொரு பேருக்கு மாத்தலாம். வாங்கிக்கறவர் சம்மதிக்கணும். இனிமே எப்பவும் ஆட்சேபிக்க மாட்டேன்னு எழுதிக் கொடுக்கணும். இறந்தவங்க பேருக்கு மாத்தப் பதிவகம் இப்ப ஒத்துக்கறதில்ல. உயிரோட இருக்கணும், கம்பெனி ரோல்ல இருக்கணும்."

"இனிமே வர்ற நிமிசமும் அந்தப் பேர்லதானுங்களா?"

"இனிமே வர்றதும்."

"சரிங்க. எழுதிக் கொடுத்தர்றேன். நாளைக்கு வேலைக்கு வரலாமுங்களா?"

"வேண்டாம்ணா. நீங்க நேர்ல நின்னா அவங்களுக்கு உங்க பேரை அழுத்தக் கை வராது. ஒன்பது செகண்ட் மறுபடி நாலு நிமிஷம் ஆயிரும். அந்த அறுபது கணக்கு மெஷின்ல நிக்கறவங்களுக்குத்தான். ரோல்ல வச்சுக்கறேன், வீட்டுல இருங்க, சம்பளம் வந்துரும்." சிரிக்கப் பார்த்தாள். "ஒரு ஆட்சேபணையும் இல்லாம, இந்த ஆலையிலயே நூத்துக்கு நூறு ஓடப்போற ஒரே ஆள் நீங்கதான்."

சிரிப்பு இரண்டு பேருக்குமே வரவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே நித்திலாவுக்குப் போன் செய்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தாள். அவளிடமிருந்து ஒரு வசவாவது வந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்பதாம் நாள், கெடுவுக்கு ஒரு நாள் முன்பு, நான்காம் நம்பர் லேத்தில் அவளை எடுத்துக்கொண்டதாகத் துளசிமணி ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்.

வீட்டில் இருங்கள் என்று ஹேமலதா சொன்னது எளிது. எந்த வீட்டில்? மனைவி போய் ஐந்து வருடம் ஆகிறது. மகன் நவநீதன் பக்கத்து வால்வு கம்பெனியில் எழுபத்தெட்டு வாங்குகிறவன். மருமகளும் மெஷினில் நிற்கிறவள்தான். சொந்த எண் உள்ளவர்களுக்கும் வீட்டு நிமிடத்தில் ஒரு பங்கு சேரும்; அப்பாவின் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் ஒரே குடும்ப அட்டையில் இருந்தால் அவர்கள் கதியும் அதோகதி. பதிவகம் அட்டையை மட்டும் பார்ப்பதில்லை, போன்கள் எந்தக் கூரைக்குக் கீழே கிடக்கின்றன என்றும் பார்க்கும். சிகாமணி இருகூரில் ஒற்றை அறை ஒன்று பிடித்தார். "எப்பப்பா போறீங்க?" என்று கேட்டான் நவநீதன். போக வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதுதான் நியாயம். ஆனாலும் ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. போனில் பேசினாலும் நெருக்கம் என்று கணக்கில் எடுப்பார்கள் என்று யாரோ சொல்ல, பேச்சும் நின்றது. அது உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நித்திலா வந்தாள். கையில் ஒரு சீப்பு பூவன் பழம்.

"போனை வீட்டுலயே வச்சுட்டு வந்திருக்கறனுங்க" என்றாள். "ரெண்டு மணி நேரத்துக்கு மேல அசையாம கெடந்தா கேள்வி வரும். அதுக்குள்ள போகோணும்."

அவர் பாயை விரித்துப் போட்டார். டீ வைத்தார். அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை.

"அன்னைக்கு நான் போனை வச்சுட்டனுங்க. கோவம் இல்லீங்க, என்ன சொல்றதுன்னு தெரியல."

"நீ கோவப்பட்டாலும் தகும் கண்ணு."

"மொத நாள் டூல் ஒடஞ்சு மெஷின் நின்னுதுங்க. திரையில மொதல்ல உங்க பேரு. கையே வரல. துளசியக்கா பின்னால நின்னுட்டு, போடு அம்மணி, அண்ணன் ஒண்ணும் நெனைக்க மாட்டாருன்னாங்க. அப்பவும் வரல. எனக்காக எல்லாத்தையும் விட்டுட்டுப் போனவரு பேர்ல நானே எப்படிங்க போடறது? எம்பேரையே போட்டுட்டேன். அந்த வாரம் பூராவும் எம்பேர்லதான் போட்டேன்."

"பைத்தியக்காரி" என்றார் சிகாமணி. சென்னியப்பன் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பான் என்று நினைத்தார். "இப்ப என்ன போடற?"

"ரெண்டாம் வாரம் உங்க பேர்ல போட ஆரம்பிச்சனுங்க. போடப் போடப் பழகிருச்சு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. நீங்க போன்ல சொன்ன பின்னாடியும், எங்கப்பாவப் புடிக்காதவங்கதான் இப்படிப் பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன். புடிச்சவங்கதான் பண்ணியிருக்காங்க."

சிகாமணி டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு வருது உனக்கு?"

"மொத மாசம் எம்பத்தி மூணுங்க. போன மாசம் எழுபது. இப்ப அறுபத்தொண்ணு."

"ஏன்? கை தளந்து போச்சா?"

"கை நல்லாத்தானுங்க இருக்குது." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மொத வாரம் எம்பேர்ல போட்டனில்லீங்க, ஒண்ணுக்கும் ஆட்சேபணை போடல. மெஷின்லயே நின்னுட்டு ஆட்சேபிக்காத பேருக்கு அது மதிப்பு அதிகம் குடுக்குமாமுங்க, அதைப் பார்த்துட்டு எம்பேரு கொஞ்சங் கொஞ்சமா மேல ஏறுச்சு. போன மாசத்துல இருந்து மொதல் எடத்துல நாந்தான் இருக்கறனுங்க."

சிகாமணிக்குப் புரிய நேரம் ஆகவில்லை. "லைன்ல இருக்கறவங்க உம்பேரையா அழுத்தறாங்க?"

"அவங்களுக்குத் தெரியாதுங்க மாமா. ஒம்போது வருசமா பார்க்காமலே மொதல் எடத்தத் தொட்டுப் பழகின கையி. துளசியக்கா நேத்து கூட எனக்குப் பொரி உருண்டை குடுத்துட்டு, போய் மெஷின்ல தொட்டாங்க. எம்பேர்லதான் விழுந்துது."

"நாளைக்கே ஆட்சேபணை போடு. இன்னும் ரெண்டு புள்ளி எறங்குனா உன்னை வெளியில தள்ளிருவாங்க."

"ஆர் மேலங்க போடறது? துளசியக்கா மேலயா?"

ஒன்பது வருடத்துக்கு முன்பு லைன் லீடராக நின்று அந்தக் கேள்விக்குப் பதில் தேட முடியாமல்தானே அவர் ஒரு செத்தவன் பெயரைத் தொட்டார். இந்தப் பெண்ணாவது யார் மேலாவது பழியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிழைத்துக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது. அவள் செய்ய மாட்டாள் என்றும் தெரிந்தது.

"அவங்ககிட்ட சொல்லீரு. பார்த்து, எம்பேர்ல போடச் சொல்லு. அதுக்குத்தானே நான் இங்க உக்காந்திருக்கறேன்?"

நித்திலா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். நேரமாகிவிட்டது.

"நான் போடறேனுங்க, தேடித் தேடி" என்றாள். "ஆனா வேற ஆரும் தொடாததால உங்க பேரு ரொம்பக் கீழ போயிருச்சு. திரையத் தள்ளித் தேடி எடுக்க நாலஞ்சு செகண்டு ஆகுது. அங்க அவ்வளவு நேரம் ஆருக்கும் இல்லீங்க மாமா."